எகிப்து ராஜா துட்டன்காமன் பேரை நீங்களே படிக்கிறது எப்படி

ஹைரோகிளிஃப், அதாவது பழைய எகிப்தோட பட எழுத்துன்னாலே படம் பாத்து கதை சொல்றதுன்னு நிறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, மொதல்ல அதை விட்ருங்க. ஆந்தை இருந்தா அங்க ஆந்தையப் பத்தி பேச்சே இல்ல, அது 'ம்'ங்கிற சத்தம். நெளிநெளியா போற தண்ணிக் கோடு 'ன்', வாய் 'ர்', சின்ன ரொட்டி 'த்'. இப்படி ஒத்த சத்தம் குடுக்குற குறி சுமார் 24 இருக்கு, அதை கையால எழுதி எழுதி மனப்பாடம் பண்ணுங்க, போன்ல பாத்துட்டே இருந்தா ஏறாது. ஆனா அதோட நிறுத்திடாதீங்க. "உங்க பேரை எகிப்து எழுத்துல பாருங்க"ன்னு சுத்துற சார்ட் எல்லாம் இந்த 24-ஓட முடிஞ்சுரும், அதை மட்டும் வச்சுகிட்டு ஒரு கோயில் சுவரைக்கூட படிக்க முடியாது, ஏன்னா ரெண்டு மூணு மெய்யை ஒண்ணா சொல்ற குறிங்க எக்கச்சக்கம்.

அடுத்து திசை. மனுஷன், பறவை, மிருகம் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கத்துல இருந்து தொடங்கணும், அதாவது அதுங்க முகத்துக்கு நேரா நாம போகணும். ஒண்ணுக்கு மேல ஒண்ணு இருந்தா மேல இருக்குறது மொதல்ல.

இப்ப ராஜா பேருக்கு வருவோம். நீள்வட்டமா ஒரு கயிறு சுத்தி இருக்கும்ல, அதுதான் கார்ட்டூஷ், உள்ள இருக்குறது ராஜா பேரு. துட்டன்காமன் கல்லறையில கார்ட்டூஷ் வடிவத்துலயே ஒரு மரப்பெட்டி கெடச்சுது, மூடியில பேரு பெருசா இருக்கும், போட்டோ ஈஸியா கிடைக்கும், அதை ஜூம் பண்ணி வச்சுக்கோங்க. மொதல்ல ஒரு நாணல் இலை, அதை 'இ'ன்னு எழுதுவோம், ஆனா உண்மையில அது 'ய்' மாதிரி ஒரு மெய். பக்கத்துல காய் அடுக்குன விளையாட்டுப் பலகை, அது 'ம்ன்'. அதுக்குக் கீழ தண்ணிக் கோடு 'ன்'. இங்கதான் எல்லாரும் தடுக்கி விழுவாங்க, ரெண்டு 'ன்' சேத்து படிக்கக் கூடாது, பலகைல ஏற்கனவே இருக்குற 'ன்'னை உறுதிப்படுத்த மட்டும்தான் கீழ இன்னொண்ணு போட்டிருக்கு. ஆக இ-ம்-ன், அமூன் சாமி. அடுத்த வரிசைல ரொட்டி, காடைக்குஞ்சு, ரொட்டி: த்-வ்-த், துத். அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்ச அன்க், தலைல வளையம் வச்ச சிலுவை மாதிரி இருக்குமே, அது. எழுதியிருக்குற வரிசை அமூன்-துத்-அன்க், ஆனா சாமி பேரை மரியாதைக்காக முன்னாடி வச்சிருக்காங்க, படிக்கும்போது கடைசிக்குத் தள்ளணும்: துத்-அன்க்-அமூன், அமூனோட உயிருள்ள உருவம். கடைசி வரிசைல இருக்குற வளைஞ்ச கோல், தூண், செடி மூணும் பட்டம், தெற்கு ஹீலியோபோலிஸ்ங்கிற நகரத்தோட ஆட்சியாளன்னு அர்த்தம்.

ராஜாவுக்கு ரெண்டு கார்ட்டூஷ் இருக்கும். முன்னாடி செடியும் தேனீயும் இருந்தா பட்டாபிஷேகப் பேரு, வாத்தும் சூரியனும் இருந்தா பொறந்த பேரு. இவரோட பட்டாபிஷேகப் பேருல சூரியன் (ரே), வண்டு (கெபெர்), மூணு கோடு, கூடை (நெப்) இருக்கும், மூணு கோடுன்னா பன்மை. சூரியன் மேல இருந்தாலும் படிக்கிறது கடைசியில, நெப்-கெபெரு-ரே.

உயிரெழுத்து எழுதவே மாட்டாங்க, அதனால 'ந்ஃப்ர்'னு இருக்குறத நடுவுல எ போட்டு நெஃபெர்னு சொல்றோம், அது வசதிக்குத்தான். அதே மொழியோட கடைசி கட்டமான காப்டிக்ல உயிரெழுத்து உண்டு, அங்க அந்த வார்த்தை நூஃபெ. 1822-ல ஷாம்போலியோன்ங்கிற பிரெஞ்சு அறிஞர் இந்த எழுத்தை உடைச்சதுக்கு அவருக்கு காப்டிக் நல்லா தெரிஞ்சது ஒரு பெரிய காரணம்.

வார்த்தைக் கடைசியில சத்தமே இல்லாத குறி ஒண்ணு வரும், அதை விட்டுடாதீங்க. வீட்டுக் குறிக்குக் கீழ ஒரு கோடு இருந்தா வீடு. அதே வீட்டுக் குறி, வாய், நடக்குற காலுன்னு வந்தா வெளிய போறது. கால் வாசிக்க இல்ல, எந்த மாதிரி வார்த்தைன்னு காட்ட. வார்த்தைக்கு நடுவுல இடைவெளியே விடாத எழுத்துல இது எவ்ளோ பெரிய உதவின்னு ஒரு வரி படிச்சாலே புரியும்.

குறி என்னன்னு தெரியலன்னா கார்டினர் லிஸ்ட்ல தேடுங்க, அது குறிகளை வகை பிரிச்சு எழுத்தும் நம்பரும் குடுத்த பட்டியல், பறவை எல்லாம் ஜி, ஆந்தை ஜி17.

கார்ட்டூஷ் பழகினதும் கல்லறைக் கல்வெட்டுக்குப் போங்க. பாதி கல்லு 'ஹோதெப் தி நேசு'ன்னுதான் ஆரம்பிக்கும், ராஜா குடுக்குற படையல்னு அர்த்தம், இங்கயும் ராஜா குறி முன்னாடி ஏறி உக்காந்திருக்கும். கொஞ்சம் தள்ளி தாமரைச் செடி தெரிஞ்சா அது ஆயிரம், பக்கத்துலயே ரொட்டி, பீர், மாடு, பறவைன்னு வரிசையா வரும்.