பேரைப் பார்க்காமல் பேப்பர் திருத்துவது எப்படி?

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்துகிறவர் கைக்கு வரும்போது அதில் டம்மி நம்பர்தான் இருக்கும். காலாண்டு, அரையாண்டுக்கு அந்தக் காப்பு இல்லை. கட்டைப் பிரித்ததுமே பேர்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு அரையாண்டில் ஒளிச்சேர்க்கை, ஐந்து மார்க். க்ளாஸ் ஃபர்ஸ்ட் வாங்கும் பெண் பச்சையத்தைப் பற்றி எழுதவே இல்லை. நாலரை போட்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையனும் அதை மட்டும்தான் விட்டிருந்தான். மூன்று. இரண்டு தாளையும் அவன் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றான். அவளுக்குத் தெரியும், அவசரத்தில் விட்டிருப்பாள். அவனுக்கு எங்கே தெரியப்போகிறது! தாளில் இல்லாததையெல்லாம் அந்தப் பேர்களைப் பார்த்து நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

இப்போது தேர்வன்று காலையில் துண்டுச் சீட்டில் எண் எழுதிக் குலுக்கி எடுக்கச் சொல்கிறேன். முகப்பில் அந்த எண் மட்டும். பேர் கடைசிப் பக்க மூலையில். அதை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிட வேண்டும். அடிஷனல் ஷீட்டிலும் எண்தான். பட்டியல் எழுதி லீடரிடம் கொடுத்துவைக்காதீர்கள், முதல் பீரியட் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

கட்டைத் தொடும் முன் கீ, அதாவது எதற்கு எத்தனை மார்க் என்ற விடைக்குறிப்பு, எழுதிவிடுங்கள்: பச்சையத்துக்கு ஒன்று, சூரிய ஒளிக்கு ஒன்று, இப்படி. பிறகு எல்லோருடைய முதல் கேள்வி, அப்புறம் எல்லோருடைய இரண்டாவது. நடுவில் கட்டைக் கலைத்துப் போடுங்கள். கடைசியில் முதல் பத்துத் தாளை மறுபடி பாருங்கள். இது சும்மா சொல்வதில்லை. ஹன்னா, லிண்டன் என்ற இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. விடைத்தாளின் முகப்பில் சாதியைக் குலுக்கல் முறையில் போட்டு, நம் நாட்டு ஆசிரியர்கள் 120 பேரிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்றிருந்த தாளுக்கு மார்க் சற்றுக் குறைந்தது, அதுவும் திருத்த ஆரம்பித்த புதிதில்தான் அதிகம்.

ஒரு ஓட்டை உண்டு: கையெழுத்து. ஆகஸ்ட் தாண்டினால் நாற்பது பேருடையதும் எனக்கு மனப்பாடம். அதனால் பி செக்‌ஷன் டீச்சரோடு கட்டை மாற்றிக்கொள்கிறேன். அங்கேயும் 'எங்க பசங்க, உங்க பசங்க' வரும். கீ பொதுவாக இருந்தால் குறையும், போய்விடாது.

மடிப்பைப் பிரித்த பிறகுதான் பெரிய தொல்லை. காரில் வருகிற அப்பா ரீ-டோட்டல் கேட்பார், ஹெச்.எம். அறையில் உட்கார்ந்துகொண்டு. ஒருவருக்காக ஒரு கேள்வியைத் திறந்தால், அந்தக் கேள்வியை எல்லோருக்கும் திறக்க வேண்டும். மாற்றிய மார்க்குக்குப் பக்கத்தில் காரணமும் தேதியும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாத அம்மா கேட்கவே மாட்டார். ஆகவே 35க்கு இரண்டு மூன்று குறைகிற தாள்களை, மடிப்பு மடிப்பாகவே இருக்கும்போது, நானே ஒருமுறை திரும்பத் திருத்திவிடுகிறேன்.