எலி செத்த வீட்டில் காப்பித்தூள்: எந்த இடத்தில் தவறுகிறோம்?

ராகி அறுத்து, போர் பிரித்து, மொச்சையும் பறித்து முடித்தபின் எங்கள் பக்கத்துக் காடுகளில் எலிக்குத் தீனி குறைந்துவிடும். மூட்டைகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கையோடு அவையும் வந்து சேரும். பாலக்கோடு பக்கத்தில் எங்கள் வீடு பாதி ஓடு, பாதி தார்சு. ஒரு தை மாதம் பரணில் இரவெல்லாம் ஓட்டம். கடையில் எலிக் கேக் வாங்கிவந்து வைத்தோம். "தின்னா தாகம் எடுக்கும், தண்ணி தேடி வெளிய போய்ச் செத்துடும்" என்று கடையில் சொன்னதை நம்பினோம்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குள் நாற்றம். காப்பித்தூள் வைத்தால் நாற்றம் போய்விடும் என்று கைப்பேசியில் யாரோ சொல்லியிருந்தபடி நான்கு தட்டுகளில் காப்பித்தூள் பரப்பி அறைக்கு ஒன்றாக வைத்தேன். ஏற்காட்டுக் கொட்டையை வறுத்து அரைத்த நல்ல தூள். முதல் நாள் வீடு முழுக்கக் காப்பி மணந்தது. இரண்டாம் நாள் காப்பியும் பிணமும் கலந்து, எது எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாத ஒரு வாடை. ஊரிலிருந்து வந்த மாமியார் வாசலிலேயே நின்று கேட்டார்: "வாசனைய அமுக்கிட்டா அது எங்க கெடக்குதுன்னு எப்படி கண்ணு தேடறது?"

தட்டுகளை எடுத்துவிட்டு, ஒன்பதாம் நாள்தான் கண்டுபிடித்தோம். ராகி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தது. புழு வைத்து, டிரம்மின் அடிவரை நீர் இறங்கியிருந்தது. காப்பியை வைத்ததில் தவறில்லை. எடுக்க வேண்டியதை எடுக்கும் முன்பே வைத்ததுதான் தவறு. எலி செத்த வீட்டில் நாற்றம்தான் வழிகாட்டி. அதைக் கடைசியில்தான் போக்க வேண்டும்.

தண்ணீர் தேடி வெளியே போகாது

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இந்த நம்பிக்கைதான். இப்போது கடைகளில் கிடைக்கும் கேக்குகளில் பெரும்பாலும் 0.005% ப்ரோமாடியலோன் இருக்கும். அது ரத்தம் உறையவிடாமல் செய்யும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது. நான்கைந்து நாளில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து, சோர்ந்து, தனக்குப் பழகிய பதுங்கிடத்துக்குப் போய்ப் படுத்துவிடும். அந்த இடம் பரணாகவோ, ஃபிரிட்ஜின் பின்புறமாகவோ, ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவாகவோ இருக்கலாம். நம் கை எட்டாத இடத்தில் கிடப்பதால்தான் நாற்றம் இத்தனை பெரிய சிக்கலாகிறது. வீட்டுக்குள் இருக்கும் எலிக்குப் பொறிதான் நல்லது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்: செத்தாலும் பிழைத்தாலும் அது இருக்கும் இடம் நமக்குத் தெரியும்.

மற்ற விஷங்கள் நாற்றத்தோடு நிற்பதில்லை. பேஸ்ட் வடிவில் விற்ற 3% மஞ்சள் பாஸ்பரஸுக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்திருக்கிறது. அதைத் தின்ற மனிதர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரிவார். அதன்பிறகு கல்லீரல் செயலிழக்கும். முறிவு மருந்து கிடையாது. வீட்டில் பழைய டியூப் ஏதாவது கிடந்தால், பிள்ளைகள் கைக்கு எட்டும் முன் அப்புறப்படுத்துங்கள். ப்ரோமாடியலோனுக்கு வைட்டமின் கே1 என்ற முறிவு மருந்து உண்டு. அதனால் எதைத் தின்றார்கள் என்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். அட்டையையோ டப்பாவையோ கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழைத்து, தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். "வாந்தி வரலையே, நல்லாத்தானே இருக்கான்" என்று ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம்.

ராகி, கடலை மூட்டைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இவற்றைவிடக் கொடியது. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும். அதற்கும் முறிவு மருந்து இல்லை. ஆட்கள் படுத்துறங்கும் வீட்டில், அடுத்த அறையில்கூட, அது இருக்கக் கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டுப் போன இரவில், ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். நம் வீடுகளில் ஏசி இல்லாமல் இருக்கலாம். தைக் குளிரில் ஜன்னலை அடைத்துக்கொண்டு, மூட்டை அடுக்கிய அறையிலேயே படுப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தர்மபுரி அங்காடிக்குக் கூடு கொண்டுபோகும் குடும்பங்களுக்கு எலி இரட்டை நட்டம். புழுவையும் தின்னும், கூட்டையும் கடிக்கும். அந்த ஆத்திரத்தில் புழு வளர்க்கும் மனைக்குள் மருந்து தூவினால் புழுதான் முதலில் சாகும். கொசுவர்த்திச் சுருளே ஆகாத உயிர் அது. அங்கே கம்பிவலையும் பொறியும் தவிர வேறு வழி இல்லை.

எல்லா நாற்றமும் பிணநாற்றம் அல்ல

மூக்கைச் சுளித்தவுடன் மருந்தையோ காப்பியையோ தேடுவதற்கு முன், எந்த வாடை என்று பாருங்கள். சுண்டெலி குடியிருக்கும் அலமாரியில் பழைய மூத்திர நெடி அடிக்கும். மழை நாளில் கூடும். கூர்மூக்கோடு கீச்சிட்டபடி சுவரோரம் ஓடும் மூஞ்சூறு விட்டுப்போகும் வாடை வேறு. அது கஸ்தூரிபோலக் குமட்டும். மூஞ்சூறு எலி இனமே இல்லை, கரப்பான்பூச்சியைத் தின்று வாழ்வது. அதைக் கொல்ல மருந்து வைத்து, அந்த மருந்தை நாய் தின்ற வீடுகள் உண்டு. பிணநாற்றம் நாளுக்கு நாள் ஏறும். ஒரு சுண்டெலி என்றால் சில நாளில் காய்ந்து அடங்கிவிடும். பெரிய எலியோ பெருச்சாளியோ என்றால் இரண்டு வாரம்கூட நீளும்.

தேடுவதிலும் பொதுவாக ஒரு பிழை நடக்கிறது. நாற்றமுள்ள அறையிலேயே நின்று மோந்துகொண்டே இருந்தால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். இரவில் ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்திவிடுங்கள். காலையில் வெளிக்காற்றில் இருந்துவிட்டு உள்ளே வருபவரை முதலில் நுழைய விடுங்கள். எங்கள் வீட்டில் மாமியார் வாசலிலிருந்தே கண்டுகொண்டதும் இதனால்தான். காப்பிக்கொட்டையை மோந்தால் மூக்கு தெளியும் என்று வாசனைத் திரவியக் கடைகளில் சொல்வார்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், வெறும் காற்றை முகர்ந்தவர்களைவிடக் காப்பிக்கொட்டை முகர்ந்தவர்களின் மூக்கு ஒன்றும் கூர்மையாகிவிடவில்லை. வாசலில் ஐந்து நிமிடம் நின்றாலே போதும். பச்சையும் நீலமுமாக மினுக்கும் பெரிய ஈக்கள் எந்த மூலையில் மொய்க்கின்றன, எறும்பு எந்தப் பிளவுக்குள் சாரி போகிறது என்பதையும் கவனியுங்கள்.

இருட்டுப் பரணுக்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள். எலி இருக்கும் இடத்தைப் பாம்பும் அறியும். டார்ச்சும் நீளக் கம்பும் வேண்டும்.

எடுப்பதும் கழுவுவதும்

வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கிச் சாக்கடையில் வீசுவதுதான் நம் வழக்கம். எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். கையில் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே அது உள்ளே போகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், வீட்டில் எலி இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் எளிதில் குணமாகும்.

புழுக்கையை வெளக்கமாறு போட்டுப் பெருக்குவது இன்னொரு தவறு. காய்ந்த தூசி பறந்து மூச்சில் ஏறும். ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். ரப்பர் உறை அணிந்துகொண்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் வீதம் புதிதாகக் கரைத்த ப்ளீச்சிங் பவுடர் நீரை எலிமீதும் புழுக்கைமீதும் நன்றாக நனையும்படி தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். அதன்பின் பழந்துணியால் வாரி, இரண்டு பைகளில் போட்டுக் கட்டி, கிணற்றுக்குத் தொலைவாக இரண்டடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். விஷம் தின்று செத்த எலியை வெளியே போட்டால் அதைத் தின்னும் நாயும் பூனையும் ஆந்தையும் சேர்ந்து பாதிக்கப்படும். நம் காட்டு எலியைப் பிடித்துக் கொடுப்பதே அந்த ஆந்தைதான்.

ப்ளீச்சிங் நீரோடு கழிவறை கழுவும் ஆசிட், வினிகர் எதையும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். நாற்றம் போகவில்லையே என்ற எரிச்சலில் இரண்டையும் ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி காப்பித்தூள்

உடலை எடுத்து, இடத்தைக் கழுவி, தரை உலர்ந்தபிறகும் ஓரிரு நாள் மெல்லிய வாடை தங்கும். காப்பிக்கு இடம் அப்போதுதான். வறுத்த காப்பியில் நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் இருக்கின்றன. மூக்கு அவற்றில் லயித்துவிடுவதால் மிச்ச வாடை தெரிவதில்லை. பெரும்பங்கு வேலை இந்த மறைப்புதான். உறிஞ்சுவது கொஞ்சமே. 2012-ல் நியூயார்க் ஆய்வாளர்கள் காப்பிச் சக்கை அழுகல் வாயுவைப் பிடித்துவைக்கிறது என்று காட்டியது உண்மை. ஆனால் அவர்கள் சக்கையை மிக உயர்ந்த வெப்பத்தில் கரியாக்கிய பிறகே அது அப்படி வேலை செய்தது. ஃபில்டரில் இருந்து எடுத்த சக்கைக்கு அந்தத் திறன் வராது.

அந்த ஈரச் சக்கையை அப்படியே கிண்ணத்தில் வைப்பதுதான் அதிகம் பேர் செய்கிற பிழை. மூன்றாம் நாள் பூஞ்சை பூத்து, புது வாடையைத் தானே கிளப்பும். சக்கையைத்தான் வைப்பது என்றால் வெயிலில் சருகாகக் காயவைத்து வையுங்கள். சர்க்கரை கலந்த உடனடித் தூள் எறும்பைக் கூட்டும். உலர்ந்த தூள் இரண்டு மூன்று கரண்டி, அகலத் தட்டில் மெலிதாகப் பரப்பினால் போதும். இரண்டு நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும். காஃபீன் நாய்க்கு ஆகாது, அதற்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். செலவில்லாமல் வேண்டுமென்றால் அடுப்புக் கரியை உடைத்து ஒரு முறத்தில் வையுங்கள். தன் வாசனை எதையும் சேர்க்காமல் வாடையை ஓரளவு இழுக்கும். எனக்குக் காப்பியைவிடக் கரிமேல்தான் நம்பிக்கை. அந்துருண்டையை அறை முழுக்க இறைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், கைக்குழந்தை உள்ள வீட்டில் அது பெரும் ஆபத்து.

காப்பித்தூளைத் தூவினால் எலியே வராது என்றும் சொல்கிறார்கள். பசித்த எலி காப்பி மணத்துக்காக ராகி மூட்டையை விட்டுப் போகாது. இரண்டு நாள் ஒதுங்கும், மூன்றாம் நாள் தூளை மிதித்துக்கொண்டே வரும். எங்கள் பரணில் தூள்மேல் கால்தடம் பார்த்தேன்.

பொறி வைப்பதிலும் அவசரம் கூடாது. பெரிய எலி புதிய பொருளைக் கண்டால் சந்தேகப்படும். பொறியைச் சுவரோரமாக வைத்து, இரண்டு மூன்று இரவு விசையை ஏற்றாமலே சுட்ட தேங்காயோ வறுத்த கடலையோ தின்னவிட்டு, பிறகு ஏற்றுங்கள். பசை அட்டை வேண்டாம். உயிரோடு துடிதுடித்துக் கிடக்கும் எலியை என்ன செய்வதென்று தெரியாமல் பலர் அப்படியே குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் முடிந்தபிறகு ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து ஓட்டைகளைத் தேடுங்கள். 6 மி.மீ. இடைவெளி இருந்தால் சுண்டெலி நுழையும், 12 மி.மீ. இருந்தால் பெரிய எலி நுழையும். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒருவர் டார்ச் அடிக்க, வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சாக்கட்டியால் குறியுங்கள். கதவின் அடி, ஓடு சுவரில் உட்காரும் வரிசை, குழாய் சுவரைத் துளைத்து வரும் இடம். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே கட்டைவிரல் நுழையும் ஒரு துளை இருந்தது. அதைத் துணியால் அடைத்தால் கடித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சுருட்டித் திணித்து, மேலே சிமென்ட் பூசினோம். பூசிய அன்றிரவு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வையுங்கள். ஈரச் சிமென்ட் காய்வதற்குள் எலி பறித்துவிடும்.