சென்னா மூட்டைக்கு ஓர் எண்: களத்திலிருந்து கப்பல் வரை

உலகச் சந்தையில் நம் நிலாவாரை இலைக்கு ‘டின்னவேலி சென்னா’ என்றுதான் பெயர். ஊர்ப் பெயர் மட்டும் இப்போது போதாது. எந்தக் காட்டில் விளைந்த இலை, எந்தக் களத்தில் காய்ந்தது என்று வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு மாதிரிக் களைகள் அறுப்பில் கலந்தால் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டும் சேர்ந்து போகும். ஒரு மூட்டையில் அது அகப்பட்டால் அந்தக் காட்டுச் சரக்கை மட்டும் பிரித்தெடுக்க வழி வேண்டும். வழியில்லை என்றால் மொத்தக் கன்டெய்னரும் சந்தேகத்துக்குள் வரும்.

லாட் எண்ணை, அதாவது ஒரே நாள், ஒரே விவசாயி, ஒரே களத்துச் சரக்குக்கான எண்ணை, களத்திலேயே போடுங்கள், இலை சாக்கில் ஏறும்போதே. 250214-037-2 என்றால் 2025 பிப்ரவரி 14, பதிவேட்டில் 37-ஆம் விவசாயி, 2-ஆம் களம். விவசாயி பெயரை எண்ணுக்குள் நுழைக்க வேண்டாம், அது பதிவேட்டில் இருந்தால் போதும்.

மூட்டையிலிருந்து களம்வரை போகும் இந்தச் சங்கிலி அறுவது பெரும்பாலும் குடோனில்தான். நிறம் ஒன்றுபோல வர நாலைந்து லாட்டைக் கொட்டிக் கலப்பார்கள். கலக்கலாம், ஆனால் கலந்த குவியலுக்குப் புது எண் கொடுத்து, எந்தெந்த லாட்டிலிருந்து எத்தனை கிலோ என்று அப்போதே எழுத வேண்டும். உள்ளே போன எடையும், வெளியே வந்த இலை, காம்பு, தூசியின் மொத்த எடையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையா, காரணம் தெரியும்வரை அந்த லாட்டை ஏற்றாதீர்கள். இந்த இடத்தைச் சரிசெய்யாமல் எந்த மென்பொருள் வாங்கினாலும் பணம் வீண்.

சணல் சாக்கில் ஸ்டிக்கர் நிற்காது. அட்டையில் கியூஆர் அச்சிட்டு, வாய் தைக்கும்போது சேர்த்துத் தையுங்கள். ரிப்பன் போட்டு அச்சிடும் பிரின்டர்தான் நல்லது; ரிப்பன் இல்லாத வெறும் தெர்மல் தாள் வெயிலில் மங்கிவிடும். கியூஆருக்குள் லாட் எண் மட்டும் போதும். நீளமான இணைய முகவரியைத் திணித்தால் கட்டங்கள் பொடியாகி, இலைத் தூசி படிந்ததும் போன் படிக்காது. களத்தில் சிக்னல் இருக்காது என்பதால், சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் செயலியாகப் பாருங்கள்.

அடுத்தது ஈரம். 10 டன் இலையில் 12 சதவீத ஈரம் என்றால் 1,200 கிலோ தண்ணீர். 9 சதவீதம் என்றால் 900 கிலோ. தூத்துக்குடி வெயிலில் ஏற்றிய கன்டெய்னர் பெட்டி ஐரோப்பியக் குளிரைத் தொடும்போது, இலை விட்ட ஆவி இரும்புக் கூரையில் படிந்து மேல் மூட்டைகளில் சொட்டும். பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஏற்றுவதாக இருந்தால் ஈர மீட்டரை மட்டும் நம்பாமல், 105 டிகிரி அடுப்பில் மாதிரியை உலர்த்தி ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் ஈரமான மரப் பலகை இருந்தால் அதுவும் இலையைப் போலவே ஆவி விடும்.

காலிப் பெட்டிக்குள் நின்று கதவை மூடச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் வேறு பெட்டி கேளுங்கள். சுவர் மடிப்புகளில் கால்சியம் குளோரைடு ஈர உறிஞ்சிகளைத் தொங்கவிட்டு, மேல் வரிசையை கிராஃப்ட் தாளால் மூடுங்கள்.

வெப்பத்தையும் ஈரத்தையும் தானே பதிந்துவைக்கும் டேட்டா லாகர் இரண்டு வேண்டும்: ஒன்று கதவருகே, ஒன்று நடுவில் மேல் மூட்டைகளுக்கிடையே. இரும்பில் ஒட்டவைத்தால் தகட்டின் சூட்டைத்தான் காட்டும். 30 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் 60 நாளுக்கு 2,880 பதிவுகள்; நினைவகம் அதற்குத் தாங்குமா பாருங்கள். பயண நாளைக் குறைத்துப் போடாதீர்கள். செங்கடல் தாக்குதல்களால் 2023 இறுதியிலிருந்து பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதில் பத்து நாளுக்கு மேல் கூடியது. லாகர் எந்த நேரக் கணக்கில் ஓடுகிறது என்றும் குறித்துவையுங்கள். உலகப் பொது நேரத்துக்கும் நமக்கும் 5.30 மணி வித்தியாசம்.

சீல் எண், பெட்டி எண், ஏற்றிய லாட் பட்டியல் மூன்றும் தெரிகிற மாதிரி கதவைப் படமெடுங்கள். உள்நாட்டில் பெட்டியை லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் தளத்தில் எண்ணை வைத்துப் பின்தொடரலாம். கடலில் கப்பல் நிறுவனத்தின் தளத்தில். கொழும்பில் கப்பல் மாறினால் கப்பலின் பெயரும் மாறும், அதனால் பெட்டி எண்ணை வைத்தே தேடுங்கள்.

முதல் கன்டெய்னர் போகுமுன் ஒரு சோதனை: கண்ணை மூடி ஒரு மூட்டையைத் தொடுங்கள். 2 மணி நேரத்துக்குள் அதன் களம்வரை போய், அங்கிருந்து அந்தக் காட்டு இலை வேறு எந்தெந்த மூட்டைகளில் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். தேடல் எந்தப் பதிவேட்டில் தடைபட்டு நிற்கிறதோ, அந்தப் பதிவேட்டை எழுதுகிறவரோடு உட்கார்ந்து அன்றே சரிசெய்யுங்கள்.