ரொம்ப வருஷம் நின்ன காரா? உடனே சாவிய திருகாதீங்க

எங்க வீடு புதுச்சேரி குருசுக்குப்பம், கடல் ரெண்டு தெரு தள்ளிதான், ஷெட்ல இருக்கற எல்லா இரும்புலயும் உப்புக்காத்து கை வெச்சிடும். கோவாவுல செஞ்ச சான் ஸ்டார்ம், அந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், ஆறு வருஷம் தார்பாய்க்குள்ள நின்னுச்சு, பாடி ஃபைபர்ங்கறதால துரு இல்ல, ஆனா இன்ஜின் ஃபைபர் இல்லையே.

புது பேட்டரி மாட்டின உடனே ஸ்டார்ட் பண்ண கை துறுதுறுங்கும். வேணாம். ஆயில் எல்லாம் கீழ வடிஞ்சு சிலிண்டர் காஞ்சு கிடக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தா ஸ்டார்ட்டர் இழுக்கற இழுப்புல சிலிண்டர் சுவர்ல கோடு விழுந்துடும். முதல்ல ஸ்பார்க் பிளக் குழிய காத்தடிச்சு சுத்தம் பண்ணுங்க (எனக்கு மண்ணோட பல்லி முட்டை ஓடும் வந்துச்சு), பிளக்க கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் ரெண்டு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. மறுநாள் நியூட்ரல்ல போட்டு, கிராங்க் புல்லி (இன்ஜின் முனையில பெல்ட் ஓடுற சக்கரம்) போல்ட்ல சாக்கெட் மாட்டி, இன்ஜின் ஓடுற பக்கமாவே கையால மெதுவா ரெண்டு முழு சுத்து. முட்டுச்சுன்னா பலத்த காட்டாதீங்க, இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு பொறுங்க, எனக்கு மூணாவது நாள்தான் 'ப்ச்'னு ஒரு சத்தத்தோட அசைஞ்சுது.

சுத்துதா, சரி. பழைய பெட்ரோல வெட்டவெளியில வெச்சு இறக்கிடுங்க, எத்தனால் கலந்தது தண்ணிய இழுத்து வெச்சிருக்கும். ஆயில், ஃபில்டர் புதுசு. டைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட்டற ரப்பர் பட்டை) பாக்க பளபளன்னு இருந்தாலும் மாத்திடுங்க, சும்மா நின்னாலும் ரப்பருக்கு வயசாகும். அப்புறம் பெட்ரோல் பம்ப் ஃபியூஸயும் பிளக்குக்கு கரண்ட் குடுக்கற காயில் கனெக்டரையும் கழட்டிட்டு, பிளக் இல்லாமலே ஆயில் லைட் அணையற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஸ்டார்ட்டர் அடிங்க. குழி மேல ஒரு பழைய துணி போடுங்க, மிச்ச ஆயில் பீச்சி அடிக்கும், என் வெள்ளை பனியன் இப்ப கார் தொடைக்கத்தான்.