உயர்திறன் தூண்டல் சூடேற்றி: ஒத்ததிர்வைத் தவறவிடாமல் கட்டும் முறை

தூண்டல் சூடேற்றியில் சுருள் தானாகச் சூடாகி வெப்பத்தைத் தருவதில்லை. சுருளில் ஓடும் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தின் காந்தப்புலம், உள்ளே வைத்த இரும்புத் துண்டில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. துண்டின் மின்தடையே அதை வெப்பமாக்குகிறது. அதிர்வெண் கூடக் கூட இம்மின்னோட்டம் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். தாமிரத்தில் 100 கிலோஹெர்ட்ஸில் இந்த ஆழம் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். எனவே சுருளுக்குத் திண்ணிய கம்பி வீண். தாமிரக் குழாயைச் சுற்றி, அதனுள் தண்ணீரை ஓடவிடுவதே சரி.

சுமார் 2 கிலோவாட் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1 மைக்ரோஹென்றிச் சுருளோடு 2.4 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தொடராக இணைத்தால் ஒத்ததிர்வு அதிர்வெண், அதாவது சுருளும் மின்தேக்கியும் ஒன்றோடொன்று ஒத்து அதிரும் அதிர்வெண், ஏறக்குறைய 103 கிலோஹெர்ட்ஸ் வரும். சுருளில் 300 ஆம்பியர் ஓடினால் மின்தேக்கியின் முனைகளுக்கிடையே சுமார் 190 வோல்ட் நிற்கும். ஒரே மின்தேக்கி இவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது என்பதால், 0.1 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் மின்தேக்கிகள் 24-ஐப் பக்க இணைப்பாக அகன்ற தாமிரத் தகடுகளுக்கு இடையில் பற்றவைக்க வேண்டும். அப்போதும் ஒவ்வொன்றும் 12.5 ஆம்பியர் சுமக்கும். மலிவான பாலியெஸ்டர் வகையை இங்கே வைக்கவே கூடாது. அதன் உள்ளிழப்பு அதிகமாதலால் சில நிமிடங்களில் உப்பிவிடும்.

230 வோல்ட் மின்சாரத்தை நேராக்கினால் கிடைக்கும் 325 வோல்ட், அரைப்பாலமாக, அதாவது ஒன்று மாற்றி ஒன்று திறந்து மூடும் இணையாக, அமைந்த இரண்டு ஐஜிபிடி அல்லது மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்களுக்குச் செல்கிறது. பாலத்தின் வெளியீட்டை ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் 20 சுற்று சுற்றி, சுருளின் குழாயை அதே வளையத்தினூடே ஒருமுறை செலுத்தினால், சுருளில் 300 ஆம்பியர் ஓடும்போது பாலம் 15 ஆம்பியர் மட்டுமே தரவேண்டியிருக்கும். ஒரு டிரான்சிஸ்டர் அணைந்து மற்றது திறப்பதற்குள் அரை மைக்ரோநொடியளவு இடைவெளி விடுவது அவசியம்.

முதன்முறை கட்டுபவர்களின் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் வெடிப்பது எங்கே என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இயக்க அதிர்வெண் எப்போதும் ஒத்ததிர்வைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். அப்போது மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருவதால், டிரான்சிஸ்டர் தன் முனைகளில் மின்னழுத்தம் சுழியானபின் திறக்கிறது. ஒத்ததிர்வுக்குக் கீழே சென்றாலோ, எதிர் டிரான்சிஸ்டரின் டயோடு இன்னும் கடத்திக்கொண்டிருக்கையில் இது திறக்கும். அந்தக் கணநேரக் குறுக்குச் சுற்றே டிரான்சிஸ்டரின் உயிரைக் குடிக்கிறது.

சுருளுக்குள் குளிர்ந்த இரும்புப் போல்ட்டை வைத்ததும் மின்தூண்டல் கூடி, ஒத்ததிர்வு அதிர்வெண் இறங்கும். போல்ட் சிவந்து சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இரும்பு தன் காந்தத்தன்மையை இழக்கிறது. மின்தூண்டல் சட்டெனக் குறைந்து, ஒத்ததிர்வு மேலேறி, நிலையாக வைத்த இயக்க அதிர்வெண்ணைத் தாண்டிவிடும். நன்றாக ஓடிய கருவி, போல்ட் செக்கச்சிவந்த நொடியில் செத்துப்போவதன் காரணம் பல வேளைகளில் இதுவே. ஆகவே 4046 போன்ற கட்டப்பூட்டுச் சில்லை (இரு அலைகளின் கட்டத்தை ஒப்பிட்டு அதிர்வெண்ணைச் சரிசெய்யும் PLL சில்லு) கொண்டு சுருளின் கட்டத்தைத் தொடர்ந்து கவனித்து அதிர்வெண்ணை நகர்த்தும் சுற்று, 2 கிலோவாட் கருவிக்குத் தவிர்க்க முடியாதது. தொடக்கத்தில் அதிர்வெண்ணை உயரத்திலிருந்து கீழிறக்கியே ஒத்ததிர்வை அணுக வேண்டும்.

முதல் சோதனையை 12 வோல்ட்டில் செய்து, பாலத்தின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும், அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் ஒருசேரப் பார்த்து, மின்னோட்டம் பின்தங்கியிருப்பதை உறுதிசெய்யுங்கள். பிறகு தனிமைப்படுத்தும் மின்மாற்றியின் வழியாக, தொடராக ஒரு இழை பல்பை வைத்து மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்துங்கள்; பல்பு பளீரென்று எரிந்தால் பாலத்தில் குறுக்குச் சுற்று இருக்கிறது என்று பொருள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். இதயமுடுக்கி பொருத்தியவர் அருகில் இருக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் வடிகட்டி மின்தேக்கிகளில் 325 வோல்ட் தங்கியிருக்கலாம் என்பதால், அவற்றின் குறுக்கே மின்தடையை நிரந்தரமாகப் பொருத்தி, மீட்டர் சுழியைக் காட்டிய பின்பே கை வையுங்கள்.