பனி மேலிருந்து கொட்டுவதில்லை: நீலகிரியில் தவிர்க்க வேண்டிய வானிலைத் தவறுகள்

கோத்தகிரிப் பக்கம், சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதம். மறுநாள் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள். 4 டிகிரியில் தண்ணீர் உறையாதே என்று நம்பி, பள்ளத்துத் தோட்டத்தில் இருந்த பீன்ஸ் செடிகளை மூடாமல் விட்டேன். விடிந்து பார்த்தால் இலை ஓரமெல்லாம் உப்புத் தூவியதுபோல ஊசி ஊசியாக வெள்ளை. வெயில் ஏறியதும் அத்தனை இலையும் வெந்த கீரையாகத் தொங்கிவிட்டது.

செய்தியில் வரும் 4 டிகிரி, தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில், வெள்ளை மரப்பெட்டிக்குள் தொங்கும் வெப்பமானி காட்டுவது. வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில் தரையும் இலையும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அப்போது புல்மட்டத்தில் நான்கைந்து டிகிரிகூடக் குறைவாக இருக்கும். கனத்த குளிர்காற்று தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டிப் பக்கத்துப் பள்ளங்களான தலைகுந்தாவும் காந்தலும் வெளுத்துக் கிடக்க, மேலே மேட்டுத் தேயிலை பச்சையாகவே நிற்பது அதனால்தான்.

'பனி கொட்டுது' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். உறைபனி எங்கிருந்தும் கொட்டுவதில்லை. இலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றிலுள்ள நீராவியே அங்கேயே படிகமாகிறது. சுற்றுலா வருபவர்கள் ஊட்டியில் 'ஸ்னோ' என்று படம் எடுப்பதும் இதைத்தான். ஸ்னோ மேகத்திலிருந்து விழுவது, வேறு சமாச்சாரம். இந்த வித்தியாசம் தெரிந்தால் செடியை மூடும் விதமே மாறும். மூடுவது மேலிருந்து விழுவதைத் தடுக்க அல்ல, கீழிருந்து போகும் சூட்டைப் பிடித்துவைக்க. பிளாஸ்டிக் ஷீட்டை இலைமேல் ஒட்டப் போட்டால், ஒட்டிய இடம் கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார்ச் செடிகளை வெட்டி மலர்ச்செடிகளுக்கு மேல் கூரைபோல வைக்கிறார்களே, அதுதான் சரியான வழி.

மேகம் என்றால் நீராவி என்பதும் தப்பு. நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெட்டில் மூக்கை உற்றுப் பாருங்கள்: வாயை ஒட்டி ஒரு விரலளவு வெறுமையாகத் தெரியும் இடம்தான் நீராவி. அதற்கப்பால் வெள்ளையாகப் புகைவது நுண்ணிய நீர்த்துளிகள். மேகமும் அப்படித்தான். நம் ரோட்டில் வந்து படுக்கும் மூடுபனி, தரையைத் தொட்ட மேகம்.

'நீலகிரியில் கனமழை' என்ற வரியை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முகம் காட்டும் சரிவு. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும்போது, மலைக்கு மறுபுறம் இருக்கும் எங்களுக்கு வெறும் சாரல்தான். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். இரண்டும் ஒரே மாவட்டம்தான். 80 செ.மீ. என்றால் என்னவென்று கணக்குப் போட்டால் வயிறு கலங்கும்: ஒரு சென்ட் நிலத்தில் 32,000 லிட்டர் தண்ணீர்.

வீட்டில் மழை அளப்பவர்கள் வாளியை வைக்க வேண்டாம். வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம் கூடுதலாகக் காட்டும். பக்கங்கள் நேராக இருக்கும் டப்பா போதும், வாய் சின்னதோ பெரியதோ கவலையில்லை. அரசு அளவு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை என்பதால், நீங்களும் அதே நேரத்தில் பாருங்கள்.

'இந்த வருஷம் இவ்வளவு குளிர், அப்புறம் என்ன புவி வெப்பமயமாதல்?' என்று டீக்கடையில் கேட்கிறார்கள். ஒரு தை மாதம் என்பது வானிலை. காலநிலை என்று சொல்ல 30 வருஷத்துச் சராசரி வேண்டும்.

என்னை அதிகம் வருத்துவது நீர்ச்சுழற்சிப் படத்தில் நடக்கும் தவறு. கடல், மேகம், மலை, ஆறு என்று அம்புக்குறி போட்டு முடித்துவிடுகிறோம். மலைக்குள் தண்ணீர் தங்கும் மாதங்கள் அந்தப் படத்தில் இல்லை. ஆடியில் பெய்ததைச் சோலையின் மக்கு மண்ணும் புல்வெளியும் சதுப்பும் குடித்துவைத்து, மாசியில் ஊற்றாகக் கசியவிடுகின்றன. பவானிக்குக் கோடையில் நீர் வருவது இப்படித்தான். எந்த மரத்தை நட்டாலும் தண்ணீர் பெருகும் என்பதும் தப்பு. ஒரு காலத்தில் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் இந்தப் புல்வெளிகளில் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில் மரம்) நட்டார்கள். கற்பூர மரம் வளர வளர ஓடை நீர் குறைவதை ஊட்டி அருகே உள்ள கிளென்மார்கனில் ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் அளந்து காட்டினார்கள்.

போன வருஷம் எங்கள் ஊற்றுக்கு மேலே உள்ள புல்வெளியில் மரக்கன்று நட ஒரு குழு ஆசையாக வந்தது. குழி தோண்ட வேண்டாம் என்று சொல்லி, ஊற்றோரம் முளைத்திருந்த சீகைக் கன்றுகளைக் காட்டினோம். அன்று சாயங்காலம் வரை எல்லோருமாக அதைத்தான் பிடுங்கினோம்.