எட்வர்ட் ஜான் ஏரின் பயணக் குறிப்புகளைப் படிக்க ஒரு வழி

முதலில் பெயர். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்துவிட்டு 'ஐர்', 'ஐரி' என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உச்சரிப்பு 'ஏர்', நம் உழவர் பிடிக்கிற ஏரேதான். 1815ல் இங்கிலாந்தில் பிறந்து, பதினேழு வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, ஆடுமாடு ஓட்டி விற்று, பாலைவனம் நடந்து பேர் வாங்கி, கடைசியில் ஜமைக்காவில் கவர்னராக உட்கார்ந்து அந்தப் பேரைக் கெடுத்துக்கொண்ட மனிதர். 1840, 41ல் போன பயணங்களின் குறிப்புகள் 1845ல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வந்தன. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, காசு செலவழிக்க வேண்டாம்.

முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கித்தான் இரண்டு முறை பாதியில் விட்டேன். 1840 ஜூனில் அடிலெய்டிலிருந்து வடக்கே கிளம்பி, உப்பு ஏரிகளில் முட்டி முட்டித் திரும்பி, கடைசியில் ஏறிய ஒரு குன்றுக்கு 'நம்பிக்கையற்ற மலை' என்றே பெயர் வைத்த பகுதி அது. முக்கியம்தான், ஆனால் பழகாத வாசகரைக் களைப்பாக்கிவிடும். 1841 பிப்ரவரி 25ம் தேதிக்கு நேராகப் போய்விடுங்கள். தென் ஆஸ்திரேலியக் கடற்கரையில் இருக்கிற ஃபவ்லர்ஸ் பேயிலிருந்து ஐந்து பேர் கடலோரமாக மேற்கே கிளம்புகிறார்கள்: ஏர், அவருடைய மேற்பார்வையாளர் ஜான் பாக்ஸ்டர், வைலி உட்பட மூன்று பழங்குடி இளைஞர்கள். சேர வேண்டிய இடம் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் இருக்கிற ஆல்பனி. இடையில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு ஓர் ஆறு கிடையாது.

பக்கத்தில் ஒரு மேப் திறந்திருக்கட்டும், கூடவே ஒரு நோட்டு. அந்த நோட்டில் ஒரே ஒரு கணக்கு எழுதினால் போதும்: இன்று தண்ணீர் கிடைத்ததா, கிடைத்திருந்தால் அதைக் காட்டியது யார்?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரிப் பயண நூல்களில் 'நான் கண்டேன்', 'நான் கடந்தேன்' என்றே வாக்கியங்கள் ஓடும், நாமும் அதே ஓட்டத்தில் தனி ஒரு வீரன் பாலைவனத்தை ஜெயித்த கதையாகப் படித்துவிடுவோம். தண்ணீர்க் கணக்கு எழுத ஆரம்பித்ததும் கதை மாறிவிடும். பைட் வளைகுடாவின் தலைப்பகுதியில் குதிரைகள் தள்ளாடும்போது, மணல்மேட்டுக்குள் நல்ல தண்ணீர் இருக்கும் குழிகளைக் காட்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கடலோர வெள்ளை மணல்மேட்டைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் வரும் என்ற அந்த அறிவுதான் பிறகும் கைகொடுக்கிறது. மரத்தின் வேரைத் தோண்டி எடுத்து, துண்டு துண்டாக வெட்டிச் சாய்த்துப் பிடித்து நீர் வடிக்கிற முறையும் பழங்குடிகளிடமிருந்து கற்றதே. ஏர் இதை மறைக்கவில்லை, விரிவாகவே எழுதுகிறார், அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு காலையில் அவர் ஸ்பாஞ்சை வைத்தும் பாக்ஸ்டர் ஒரு பிடி புல்லை வைத்தும் இலைகளில் இருக்கிற பனித்துளியை ஒற்றி ஒற்றிப் பாத்திரத்தில் பிழிகிற காட்சி வரும். அதைப் படித்த அன்று குழாயைத் திறக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அப்புறம் ஏப்ரல் 29 இரவு. இங்கே வேகத்தைக் குறையுங்கள். பாக்ஸ்டர் சுட்டுக் கொல்லப்படுகிறார், இரண்டு இளைஞர்கள் துப்பாக்கிகளோடும் உணவோடும் ஓடிவிடுகிறார்கள். படிக்கும்போது ஏர் நேரில் பார்த்ததுபோலத் தோன்றும். இல்லை. அவர் அப்போது தள்ளிப்போய்க் குதிரைகளுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தார். கண்ணில் பட்டது ஒரு பளிச்சொளி, காதில் விழுந்தது ஒரு வெடிச்சத்தம், அடுத்து வைலி பதறிக்கொண்டு ஓடிவருகிறான், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் ஊகித்து அடுக்கியது. நம் கையில் இருப்பது ஒருவர் எழுதி, நான்கு வருடம் கழித்து அச்சேறிய வாக்குமூலம். வைலி தன் கையால் எழுதிய ஒரு வரி கூட நம்மிடம் இல்லை. நோட்டில் இந்த இடத்தில் இரண்டு பத்தி போடுங்கள், ஒன்றில் பார்த்தது, இன்னொன்றில் நினைத்தது. கீழே முழுக்கப் பாறை, குழி தோண்ட முடியாமல் பாக்ஸ்டரின் உடலைப் போர்வையில் சுற்றி விட்டுவிட்டுப் போனது முதல் பத்தியில் வரும்.

அங்கிருந்து இருவர் மட்டும். ஜூன் தொடக்கத்தில் மிசிசிப்பி என்ற பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் கண்ணில் படாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. கேப்டன் ராசிட்டர் சோறு போட்டுத் தேற்றி அனுப்புகிறார். ஜூலை 7ம் தேதி கொட்டுகிற மழையில் ஆல்பனி. செத்தே போனான் என்று துக்கம் அனுசரித்துவிட்ட சொந்தக்காரர்கள் வைலியைக் கட்டிக்கொண்டு அழுகிற பத்தியை மட்டும் எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இரண்டாம் தொகுதியின் பிற்பகுதி வேறு மாதிரி. பழங்குடிகளின் வழக்கங்கள் பற்றியும் வெள்ளையர்களோடு அவர்களுடைய உறவு பற்றியும் நீளமான கட்டுரை. நிலத்தைப் பிடுங்கியவர்கள் நாம்தான், கோபப்படுகிறவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்ற தொனி. பயணத்துக்குப் பிறகு மரே ஆற்றங்கரையில் மூருண்டி என்ற இடத்தில் மாஜிஸ்திரேட்டாகவும் பழங்குடிகளின் பாதுகாவலராகவும் இருந்து எழுதியது. மனதில் இதை நன்றாக வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து வருவது இந்தப் புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது.

நியூசிலாந்து, செயின்ட் வின்சென்ட் பதவிகளைச் சட்டென்று தாண்டிவிடலாம். ஜமைக்காவில் நிறுத்துங்கள். 1865 அக்டோபர் 11, மோரன்ட் பேயில் பால் போகிள் தலைமையில் வந்த கறுப்பின மக்களின் கூட்டத்துக்கும் காவல் படைக்கும் மோதல். ஏர் ராணுவச் சட்டம் பிறப்பிக்கிறார். விசாரணை ஆணையக் கணக்கில் 439 பேர் கொலை, சுமார் 600 பேருக்குச் சவுக்கடி, ஆயிரம் வீடுகள் தீக்கிரை. ஒரே ஒரு ஆளைப் பின்தொடர்ந்தால் எல்லாம் புரியும்: சட்டசபை உறுப்பினர் ஜார்ஜ் வில்லியம் கார்டன். அவர் இருந்த கிங்ஸ்டனில் ராணுவச் சட்டமே கிடையாது. அங்கே பிடித்து, அந்தச் சட்டம் இருக்கிற மோரன்ட் பேக்குக் கப்பலில் கொண்டுபோய், ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தித் தூக்கிலிட்டார்கள். தேதி அக்டோபர் 23. மறுநாள் போகிள்.

இதைப் படிக்க 1866ம் ஆண்டு ஆணைய அறிக்கையைத் தேடி எடுங்கள். ஏர் மேல் வழக்குப் போடலாமா என்று இங்கிலாந்தில் கட்சி கட்டிச் சண்டை போட்டவர்களை அப்புறம் பார்க்கலாம். வழக்குப் போடச் சொன்ன பக்கம் ஜான் ஸ்டூவர்ட் மில், டார்வின். ஏரைக் காப்பாற்ற நின்ற பக்கம் கார்லைல், ரஸ்கின், டிக்கன்ஸ். பெயர்களின் பளபளப்பில் செத்தவர்கள் மறைந்துபோவார்கள். ஏர் தண்டிக்கப்படவில்லை. பென்ஷனும் வாங்கிக்கொண்டு 1901 வரை வாழ்ந்தார்.

1845ல் அப்படி எழுதியவர் 1865ல் எப்படி இப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். அவர் மாறிவிட்டார் என்பது சுலபமான பதில், எனக்கு அதில் திருப்தியில்லை. பழைய கட்டுரையையே திரும்பப் புரட்டிப் பாருங்கள். இரக்கம் நிறைய இருக்கிறது, ஆனால் யார் யாரைத் திருத்த வேண்டும், யார் ஆள வேண்டும் என்பதில் ஒரு இடத்திலும் அவருக்குச் சந்தேகம் வருவதில்லை. பென்சிலால் அந்த வரிகளை மட்டும் கோடிட்டு வாருங்கள்.

கடைசியாக மேப்புக்குத் திரும்புங்கள். ஏர் தீபகற்பம், ஏர் நெடுஞ்சாலை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஏர் ஏரிக்கு மட்டும் 2012ல் அந்தப் பகுதிப் பழங்குடிகளான அரபனா மக்கள் வைத்திருந்த பெயரையும் முன்னால் சேர்த்து, காட்டி தண்டா–ஏர் ஏரி என்று ஆக்கிவிட்டார்கள். ஜமைக்காவில் போகிளும் கார்டனும் 1969 முதல் தேசிய வீரர்கள், நாடாளுமன்றம் கூடுகிற கட்டடத்தின் பெயரே கார்டன் ஹவுஸ். ஆல்பனியில் சொந்தங்களோடு சேர்ந்துகொண்ட வைலிக்கு அரசாங்கம் கொடுத்தது வாராந்திர ரேஷன்.